இன்டெலா, ஏஎம்டியா? கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் இருக்கிறவர்கள் லேப்டாப் வாங்க ஓணம் ஆஃபருக்குத் திருவனந்தபுரம் போவார்கள், தீபாவளி ஆஃபருக்கு நாகர்கோவில் போவார்கள். ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் அதே 18 சதவீதம்தான், எல்லை தாண்டுவதால் வரியில் ஒன்றும் மிச்சமாகாது. விலை எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள். ஆனால் எந்தக் கடையானாலும் "இது ஐ7, நல்ல ஸ்பீடு" என்று சொன்னதும் காசை எடுத்து நீட்டாதீர்கள்.

லேப்டாப்பின் மூளையான சிப்பைத் தருகிற இரண்டு கம்பெனிகள்தான் இன்டெலும் ஏஎம்டியும். ஐ5, ஐ7 இன்டெல் சிப்களின் பெயர், ரைசன் ஏஎம்டி சிப்களின் பெயர். முதலில் சிப்பின் பெயரை முழுசாகக் கேளுங்கள். ஐ7-1255யு என்ற சிப்பில் பெரிய கோர் (சிப்புக்குள் வேலை செய்கிற பகுதி) இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சின்ன கோர்கள், அது எடுக்கிற மின்சாரத்தின் அடிப்படை அளவு 15 வாட். ஐ5-12450எச்சில் பெரிய கோர் நான்கு, சின்னது நான்கு, 45 வாட். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவருக்கு இந்த ஐ5தான் வேலைக்கு ஆகும், பெயரில் 7 இருக்கிறதே என்று யு சிப்பை எடுத்தால் ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டுக்கும் காத்துக் கிடக்க வேண்டும். காலேஜ் பையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அந்த யு சிப்பே நல்லது, பேட்டரி நிற்கும்.

ஏஎம்டியிலும் இதே தொல்லை உண்டு. ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், உள்ளே இருக்கிற வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்வது அதுதான். அந்த வடிவமைப்புக்குப் பெயர் ஜென். 7520யு என்றால் ஜென் 2, 7530யு என்றால் ஜென் 3, 7640யு என்றால் ஜென் 4. முதல் இரண்டுக்கும் பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் 7520யுவில் நான்கு கோர், 7530யுவில் ஆறு. வாங்குகிறவர் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இரண்டு கம்பெனியும் நினைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சிப் ஒரு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று சொல்கிற கிகா ஹெர்ட்ஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2003இல் வந்த ஏஎம்டியின் அத்லான் 64 3200+ ஓடியது 2 கிகா ஹெர்ட்ஸில்தான், 3 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய இன்டெலின் பென்டியம் 4ஓடு அது சரிக்குச் சரி நின்றது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான் விஷயம். அப்புறம், போட்டி இருப்பது நமக்கு எவ்வளவு நல்லது என்பதற்கு 2017ஐப் பாருங்கள். பல வருஷமாகச் சாதாரண டெஸ்க்டாப் ஐ7இல் நான்கு கோருக்கு மேல் தராத இன்டெல், மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசனை இறக்கியதும் அக்டோபருக்குள் ஆறு கோர் ஐ7-8700கேயைக் கொண்டுவந்தது. அதனால் எந்தக் கம்பெனிக்கும் ரசிகராக இருக்காதீர்கள்.

கம்பெனி காட்டுகிற கிராஃபை நம்ப வேண்டாம், தங்களுக்குச் சாதகமான வேலையைத்தான் அதில் போடுவார்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை சாஃப்ட்வேரை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோய், டெமோ மெஷினில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்பீடு எண் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் 4 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் நின்ற எண் பத்தாவது நிமிஷத்தில் 2.5க்கு இறங்கிவிட்டால், உங்கள் வேலைக்குக் கிடைக்கப்போவது அந்த 2.5தான். கடையில் ஏசி ஓடும், ஏப்ரல் வெயிலில் உங்கள் வீட்டில் இன்னும் கீழே போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதே பக்கத்தில் மெமரியைத் தட்டி ரேம் ஒரே ஸ்டிக்கா இரண்டா என்றும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஒற்றை ஸ்டிக் போட்டிருந்தால் கேம் தடுமாறும்.

டெஸ்க்டாப் என்றால், இன்டெலில் எஃப் என்று முடிகிற சிப்பிலும் ரைசன் 5 5600இலும் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் படம் வராது. கார்டு வாங்கப் பணம் இல்லையா, 5600ஜி அல்லது எஃப் இல்லாத ஐ5-12400 எடுங்கள்.

பழைய மெஷின் வாங்கினால் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9இல் கவனமாக இருங்கள். அவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப் கெட்டு, கம்ப்யூட்டர் நின்று நின்று போகிற கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில்தான் பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற, மதர்போர்டில் இருக்கிற சாஃப்ட்வேர்) வழியாகத் திருத்தம் வரத் தொடங்கியது, ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது. விற்கிறவர் முன்னாலேயே பயாஸைத் திறந்து தேதியைப் பாருங்கள், அதற்கும் முந்தைய தேதி இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் அந்த மெஷின் வேண்டாம்.