பழைய கேம் சிடி திறக்கவில்லையா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பரணில் கிடந்த என் பழைய கார் ரேஸ் சிடியை ஆசையாக வாங்கிக்கொண்டு திருநகருக்குப் போன அக்கா மகன், மறுநாளே லேப்டாப்போடு வந்து நின்றான். "மாமா, மூணு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஐகானை அமுக்குனா அனுமதி கேக்குது. எஸ் கொடுத்தா அப்புறம் ஒண்ணுமே வரல."

எல்லோரும் செய்கிற முதல் தவறே இதுதான். கேம் கெட்டுப்போகவில்லை, அதனால் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து பயனில்லை. சிடியை மைகம்ப்யூட்டரில் திறந்து பார்க்கச் சொன்னேன். செக்டிரைவ்.சிஸ் (secdrv.sys) என்று ஒரு ஃபைல் இருந்தது. நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற காப்புப் பூட்டின் டிரைவர், அதாவது விண்டோஸுக்குள் இருந்து வேலை செய்யும் துணை மென்பொருள் அது. இது அசல் சிடிதானா என்று சோதித்த பிறகே கேமைத் திறக்கவிடும். பூட்டு அப்படியே இருக்கிறது, சாவியைத்தான் விண்டோஸ் எடுத்துவிட்டது.

காரணம் பாதுகாப்பு. கணினியின் மையப்பகுதி வரை நுழையும் டிரைவர் அது. அதிலிருந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் கணக்கிலிருந்தே முழுக் கட்டுப்பாட்டையும் பிடிக்கலாம் என்பது 2007-லேயே வெளியே வந்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10, இந்த டிரைவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் விண்டோஸ் 7, 8.1-லும் அதை முடக்கினார்கள். ஆகவே 'கம்பேட்டிபிலிட்டி மோட்' போட்டு எக்ஸ்பி என்று மாற்றினாலும் பலன் கிடைக்காது. அது கேமுக்குத்தான் வேஷம் கட்டும், இல்லாத டிரைவரைக் கொண்டுவராது.

விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்கள் இந்த டிரைவரின் சர்வீஸைக் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டச்சும் ஜன்னலில்) தற்காலிகமாக இயக்கலாம். ஆனால் ஆடி முடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. விண்டோஸ் 10-ல் அதே கமாண்டைப் போட்டால் 1060 என்ற பிழை வரும். அப்படி ஒரு சர்வீஸே இல்லை என்று அர்த்தம். உடனே எங்கிருந்தோ டிரைவரை இறக்கி, டிரைவர் நம்பகமானதா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை அணைத்து உள்ளே திணிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கேமுக்காக வீட்டின் பின்கதவைத் திறந்து வைப்பது போல அது. அந்த லேப்டாப்பில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் இருக்கும்.

அதைவிட ஆபத்தானது கிராக் செய்த இஎக்ஸ்இ, அதாவது யாரோ பூட்டை உடைத்து மாற்றிய கேம் ஃபைல். மருமகனும் ஒன்றை இறக்கியிருந்தான். ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துத் தனியே வைத்ததும், ஆன்டிவைரஸையே அணைத்துவிட்டான். எனக்குப் பகீரென்றது. அதை முதலில் நீக்கி, முழு ஸ்கேன் ஓடவிட்டு, அப்புறம்தான் வேறு வேலை.

சரி, என்னதான் செய்வது? கேம் நிறுவனம் பின்னாளில் வெளியிட்ட பேட்ச் (திருத்தம்) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சில கேம்களில் நிறுவனங்களே பூட்டைத் தளர்த்தியிருக்கின்றன. பயோஷாக் கேமில் இத்தனை தடவைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்றிருந்த வரம்பை 2008-ல் நீக்கினார்கள். காக் (GOG) என்ற இணையக் கேம் கடையில் காப்புப் பூட்டு இல்லாத பதிப்பு விற்பனையில் இருந்தால் அதை வாங்குவது நிம்மதி. இரண்டும் இல்லாத சேஃப்டிஸ்க் கேம்களுக்கு சேஃப்டிஸ்க்‌ஷிம் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது. ஆபத்தான டிரைவரை ஏற்றாமலே கேமின் சோதனைக்குப் பதில் சொல்லிவிடும். ஆனால் அசல் சிடி வேண்டும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய சிடியாயிற்றே என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கு வெறும் பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்த பல சிடிகள் நகல்தான். சாதாரண ரைட்டரால் சரியாக நகலெடுக்க முடியாத பகுதிகளைச் சேஃப்டிஸ்க் வேண்டுமென்றே வைத்திருக்கும். அதனால் நகல் சிடி சோதனையில் தேறாது. சிடி அழுக்காக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

எல்லாத் தொடக்கப் பிழையையும் பூட்டின் தலையில் போடுவதும் தவறு. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் ஃபைல் இல்லை என்று பிழை வந்தால், அது கேமின் படம், ஒலியைக் கவனிக்கும் டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் பகுதியின் குறை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பழைய டைரக்ட்எக்ஸ் ரன்டைமை இறக்கினால் போதும். தனி டிஎல்எல் ஃபைல்களைக் கண்ட தளத்தில் இறக்காதீர்கள்.

மருமகனுக்குக் கேமின் அசல் இஎக்ஸ்இயைத் திரும்ப வைத்து, அந்தக் கருவியைப் போட்டு, யுஎஸ்பி டிவிடி டிரைவில் சிடியைச் செருகினோம். டிரைவ் சற்று நேரம் உறுமியது. பிறகு திரையில் கார் வந்தது.