ஆமினாவா, அமீனாவா? பெயருக்குப் பொருள் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்குப் பெயர் கேட்டு வருவோருக்குப் பொருள் சொல்லப் பழகும் இளம் ஆலிம்களை (மார்க்க அறிஞர்களை) கவனித்து வருகிறேன். உச்சரிப்புப் பிழைகள் நாளடைவில் தாமாகவே திருந்திவிடும். திருந்தாத பிழை வேறு.

ஆங்கில எழுத்தை வைத்துத் தேடுவது

ஆங்கிலத்தில் Amina என்று ஒன்றுபோலவே எழுதப்படும் இந்தப் பெயருக்குள் இரண்டு அரபுப் பெயர்கள் இருக்கின்றன. முதலெழுத்து நீண்டால் ஆமினா: அச்சமின்றிப் பாதுகாப்பாக இருப்பவள். நபிகள் நாயகத்தின் தாயார், வஹ்பின் மகள் ஆமினாவின் பெயர் இதுதான். நடுவெழுத்து நீண்டால் அமீனா: நம்பிக்கைக்குரியவள், அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைத்த பொருளை, காப்பவள். இரண்டுக்கும் அலிஃப், மீம், நூன் என்ற மூன்று அரபு எழுத்துகளே வேர். ஈமானும் (இறைநம்பிக்கையும்) அமானிதமும் அதில் பிறந்தவையே. ஆனால் வேர் ஒன்றானால் பெயரும் ஒன்றாகிவிடாது. ஆமினா, ஆபிதா, ஸாலிஹா ஒரு வார்ப்பு. அமீனா, கரீமா, ஜமீலா வேறு வார்ப்பு.

ஒரு பெரியவர் மறைந்த தம் உம்மாவின் பெயரைப் பேத்திக்கு வைக்க விரும்பினார். பெயர் பார்த்துக் கொடுத்தவர் கைப்பேசியில் ஆங்கிலத்தில் தேடி, அமீனா என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறப்புச் சான்றிதழிலும் அப்படியே ஏறிவிட்டது. “எங்கள் உம்மா ஆமினா, ஹஜ்ரத். இது யாருடைய பெயர்?” என்று அவர் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. போதாததற்கு, நீதிமன்றத்திலிருந்து ஜப்திக்கு வருபவரையும் தமிழில் அமீனா என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் பள்ளியில் கேலி செய்யும் பிள்ளைகளுக்கு வேர்ச்சொல் விளக்கம் எடுபடாது.

குறிலும் நெடிலும் உள்ள தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதிய முன்னோரின் வழிவந்தவர்கள், ஆங்கில எழுத்தைப் பார்த்து அரபுப் பெயரைத் தீர்மானிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அரபியில் எழுதுங்கள், பிறகு தமிழில். ஆங்கிலம் கடைசியில் வரட்டும். அவசரமும் வேண்டாம்: பிறப்பைப் பதிவு செய்தபின் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

‘இளவரசி’ என்று பொருள் சொல்வது

அது அமீரா.

குர்ஆனில் இருந்தால்தான் நல்ல பெயர் என்பது

குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் மர்யம். ‘ஆமினா’ என்ற சொல் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 112ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே அது அச்சமற்று வாழ்ந்த ஓர் ஊருக்கான அடைமொழி.

பிற நாட்டு வடிவங்களைப் பிழை என்பது

துருக்கியில் எமினே, மேற்கு ஆப்பிரிக்காவில் அமினாத்தா. இரண்டும் பிழையல்ல. பெண்பாலைக் காட்டும் கடைசி எழுத்து, அரபியில் அடுத்த சொல்லோடு சேரும்போது ‘த்’ என்று ஒலிக்கும். அமினாத்தாவில் கேட்பது அந்த ஒலிதான்.