நனைஞ்சு போன லைட்டரை மறுபடி எரிய வைக்கிறது எப்படி?

மழையில டென்ட் அடிச்சுத் தங்கினவங்களுக்குத் தெரியும், துணி நனைஞ்சா கூட சமாளிச்சுடலாம், லைட்டர் நனைஞ்சா வயித்துல புளியைக் கரைக்கும். ஒரு ஐப்பசி மாசம் கொடைக்கானல் மேல பூம்பாறை பக்கம் ஒரு தோட்டத்துல தங்கியிருந்தோம், சாயங்காலம் பிடிச்ச மழை ராத்திரி வரைக்கும் விடல, ஸ்டவ் இருக்கு, கேஸ் இருக்கு, அரிசி இருக்கு, பத்த வைக்க மட்டும் வழி இல்ல. தீப்பெட்டி நமுத்து மருந்தெல்லாம் விரல்லயே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. கூட வந்த தம்பி பதட்டத்துல லைட்டரை வாங்கி டக்கு டக்குனு சுத்திக்கிட்டே இருந்தான். முதல்ல நிறுத்த வேண்டியது அதைத்தான்.

ஏன்னா, லைட்டர்ல மேல பல்லு பல்லா ஒரு இரும்புச் சக்கரம் இருக்கும், அதுக்கு அடியில ஒரு சின்னக் கல்லை ஸ்பிரிங் மேல பாத்து தள்ளிக்கிட்டே இருக்கும். கல்லுன்னு சொல்றோமே தவிர அது சீரியம் மாதிரி உலோகங்களை இரும்போட கலந்து செஞ்சது, கார்ல் ஆவ்யர் (Carl Auer) ங்கிற ஆஸ்திரியா நாட்டு வேதியியல் விஞ்ஞானி 1903ல கண்டுபிடிச்சது. சக்கரம் அதைச் சுரண்டும்போது பறக்கிற தூள் காத்துல பட்டு எரியுது, அதான் பொறி. நடுவுல தண்ணி இருந்தா சக்கரம் வழுக்கும், சுரண்டுன தூளும் தண்ணியும் சேந்து சாம்பல் கலர்ல ஒரு பசை ஆகி பல்லு இடுக்குல போய் அடைச்சுக்கும். டார்ச் அடிச்சுப் பாத்தா தெளிவா தெரியும். அதுக்கப்புறம் எவ்ளோ சுத்தினாலும் கட்டைவிரல் தான் புண்ணாகும்.

முதல் வேலை, லைட்டரைத் தலைகீழா பிடிச்சு உள்ளங்கையில நல்லா தட்டுங்க, அப்புறம் அந்தத் தகர மூடியோட ஓட்டை வழியா நாலு பக்கமும் பலமா ஊதுங்க. கடல்ல விழுந்ததுன்னா முதல்ல நல்ல தண்ணியில ஒரு தடவை அலசிடுங்க, ஏற்கனவே நனைஞ்சதைத் திரும்ப நனைக்கணுமான்னு தோணும், ஆனா உப்பு உள்ளயே காய்ஞ்சா சீக்கிரம் துரு பிடிச்சுடும்.

அடுத்து அந்தப் பசை. ஊக்கு, முள்ளு, பழைய பல்லு பிரஷ், எது கிடைக்குதோ அதை வச்சு சக்கரத்தோட பல்லு இடுக்கைச் சுத்தம் பண்ணுங்க.

இப்ப தான் முக்கியமான வேலை. உடம்புல எங்கயாவது காய்ஞ்ச துணி இருக்கான்னு பாருங்க, எனக்கு அன்னிக்கு ஸ்லீப்பிங் பேக் ஓரம் தான் கிடைச்சுது, துணியே இல்லன்னா அட்டை, காய்ஞ்ச மரப்பட்டை கூட போதும். லைட்டரைக் கவுத்துப் பிடிச்சு சக்கரம் மட்டும் துணியில அழுத்தமா படுற மாதிரி வச்சு, நீங்க வழக்கமா சுத்துற திசையிலயே நீளமா உருட்டுங்க. கேஸ் பட்டனை அமுக்கக் கூடாது. ஒரு இருபது முப்பது தடவை உருட்டினா துணி ஈரத்தை உறிஞ்சும், உரசுற சூட்டுல மிச்சமும் காயும். நடுநடுவுல ஊதிக்கங்க. இருட்டுல பாத்தீங்கன்னா முதல்ல ஒண்ணு ரெண்டு பொறி தெறிக்கும், அதைப் பாத்தாலே பாதி உசுரு வந்துடும், ஆனா உடனே பத்த வைக்கப் போகாம இன்னும் பத்து தடவை உருட்டுங்க.

பொறி நல்லா வருது, சுடர் வரலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். கேஸ் வர்ற ஓட்டையில ஒரு சொட்டு தண்ணி நிக்கலாம், ஊதினா போயிடும். இல்லன்னா குளிரு. உள்ள இருக்கிற பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்துல ஆவியாகறதையே விட்டுடும், மலைக் குளிர்லயே அழுத்தம் குறைஞ்சுடும். அக்குள்ல அஞ்சு நிமிஷம் வச்சிருந்தா சரியாகும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கத்துலயோ, சுடுற பாறை மேலயோ, கார் டேஷ்போர்டுலயோ காய வைக்காதீங்க, வெடிச்சுடும்.

சக்கரம் இல்லாம கிளிக்குனு அமுக்குற லைட்டர்னா உருட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, கரண்ட் பொறி ஈரத்து வழியா ஓடிடும், அந்தச் சின்னக் கம்பியை நல்லா துடைச்சு ஊதிக் காய விடணும். மழைக்கு நான் எடுத்துட்டுப் போறது சக்கரம் வச்சது தான், அதுவும் ஜிப் கவர்ல ஒண்ணு, சட்டைப் பையில ஒண்ணு.

லைட்டர் வேலை செய்யுதுன்னு காட்டுக்குள்ள தீ மூட்டிடாதீங்க. காப்புக்காட்டுல அது குற்றம், 2018 மார்ச்ல குரங்கணியில காட்டுத்தீ எத்தனை பேரை எடுத்துட்டுப் போச்சுன்னு நமக்குத் தெரியும். அனுமதி இருக்கிற இடத்துல, ஸ்டவ் மட்டும் போதும்.

இன்னொண்ணு, ஸ்டவ் பத்த வைக்க சுடர் வரணும்னே இல்ல, பொறி போதும். டென்ட்டுக்கு வெளிய வச்சு, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு, கேஸை லேசா திறந்த உடனே பர்னர் ஓரத்துல சக்கரத்தைச் சுத்துங்க. ரெண்டு மூணு தடவையில பத்தலன்னா மூடிட்டு, கேஸ் கலைய விட்டு மறுபடி பாருங்க, அது காத்தை விடக் கனமானது, கீழயே தங்கும். பூம்பாறையில அன்னிக்கு லைட்டர்ல சுடர் கடைசி வரைக்கும் வரல, பொறியிலயே ஸ்டவ் பத்திக்கிச்சு, ஒம்பது மணிக்கு சுடச்சுட ரசஞ்சோறு சாப்பிட்டோம்.