தட்டடவை வரைவோம்: பரதநாட்டியப் பெண், ஆயில் பெயிண்டில்

பரதநாட்டியப் பெண்ணை வரையத் தொடங்குகிற பலரும் முதலில் கண்ணுக்கு மை தீட்டுகிறார்கள். அப்புறம் நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஒட்டியாணம். நகை முடிவதற்குள் ஆட்டம் நின்றுபோகிறது. உணர்ச்சிக்காக உருவத்தையும் நிறத்தையும் மிகைப்படுத்தும் எக்ஸ்பிரஷனிச ஓவியத்துக்கு வேண்டியது தட்டடவில், அதாவது பாதத்தைத் தட்டி ஆடும் அடிப்படை அடவில், பாதம் தரையில் விழும் அந்த அடி. ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே 1912-இல் தீட்டிய ‘மெழுகுவர்த்தி நடனக்காரிகள்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். மேனியும் தீயும் ஒரே சிவப்பு மஞ்சளில் கொதிக்கும். அந்தச் சூடு நமக்கும் வேண்டும்.

தேவையானவை: 16-க்கு 20 அங்குலத்தில் பிரைமர் பூசிய கேன்வாஸ், முரட்டு மயிர் கொண்ட தட்டை பிரஷ் இரண்டு, பேலட் நைஃப், டர்பன்டைன், லின்சீட் ஆயில். நிறம் ஐந்து: காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), டைட்டானியம் வெள்ளை. கறுப்பு வேண்டாம், நீலத்தோடு சியன்னா சேர்த்தால் உயிருள்ள கருமை வரும்.

முதலில் தாளில் கரித்துண்டால் அரைமண்டியை, அதாவது முழங்கால் மடித்துப் பாதி அமர்ந்த நிலையை, போட்டுப் பாருங்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், பத்துப் படம். குதிகால்கள் சேர்ந்து முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும்போது தொடையும் கீழ்க்காலும் ஒரு சாய்சதுரமாகும். அதுதான் இந்த ஓவியத்தின் எலும்பு. பிடிபட்டதும் தைரியமாக மிகைப்படுத்துங்கள்: சதுரத்தை அகலமாக்குங்கள், தட்டும் பாதத்தைப் பெரிதாக்குங்கள், கையை நீளமாக இழுங்கள்.

அடுத்து கேன்வாஸ். சியன்னாவை டர்பன்டைனில் தண்ணீர் போலக் கரைத்து முழுக்கப் பூசுங்கள். ஈரம் காய்வதற்குள் பழைய பருத்தித் துணியால் துடைத்தே உருவத்தை வெளியே எடுங்கள். கோடு போட்டு நிரப்புவதைவிட இது நல்லது. எடை தானாக வந்துவிடும். ஓரிரு நாள் காயட்டும்.

இனி நிறம். தோலின் நிழலுக்குப் பச்சை, வெளிச்சத்துக்கு ஆரஞ்சு. பயப்படாதீர்கள், பக்கத்தில் இருக்கும் நிறம்தான் அதைத் தோலாக்கும். பின்னணியில் பிரஷ் இழுப்புகள் எல்லாம் தட்டிய பாதத்திலிருந்து கிளம்பட்டும். உடையின் விசிறி மடிப்புக்கு நைஃப்: ஒரு மடிப்புக்கு ஒரே இழுப்பு, திரும்பத் தொடக் கூடாது. குழைத்துக்கொண்டே இருந்தால் சேறுதான் மிஞ்சும், பெண்ணும் கொலு பொம்மையாகிவிடுவாள். இந்த அடுக்கில் கொஞ்சம் லின்சீட் ஆயில் சேருங்கள். கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். மாறினால் பின்னால் வெடிப்பு விடும்.

முகம் கடைசியில், நாலைந்து இழுப்பு போதும். கை போகும் பக்கம் கண் போகட்டும். சலங்கைக்கு நைஃப் நுனியால் கெட்டியான மஞ்சள் பொட்டுகள். பாதத்தில் பூசும் செஞ்சாயமான அலத்தாவுக்குக் கலப்பில்லாத சிவப்பு.

ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் போட்டு வையுங்கள். தடித்த இடங்கள் உள்ளே காய மாதக்கணக்காகும். ஆறு மாதமாவது கழித்து வார்னிஷ் அடிக்கலாம்.