கிராஸ் கன்ட்ரி ரேஸ் சைக்கிளுக்கு டயர்: முன்னால் ஒன்று, பின்னால் வேறு

மவுன்டன் பைக்கில் கிராஸ் கன்ட்ரி ரேஸ் ஓட்டுபவர்கள் பலர் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயரை வாங்குகிறார்கள். முன் டயரைத் தயவுசெய்து தனியாக யோசியுங்கள். வளைவில் பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்; முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழ வேண்டியதுதான். ஓரத்துப் பட்டன்கள் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) பெரிதாக, இடைவெளி விட்டு நிற்கும் டயர் முன்னால். நடுப் பட்டன்கள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருப்பது பின்னால், அது லேசாக உருளும். ஷ்வால்பே டயர் நிறுவனம் ரேசிங் ரே என்ற டயரை முன்னுக்கும் ரேசிங் ரால்ஃபைப் பின்னுக்கும் என்றே தயாரித்தது.

அகலம் 2.25 முதல் 2.4 இன்ச். மெல்லிய டயர்தான் வேகம் என்பது கல்லும் வேரும் உள்ள பாதையில் எடுபடாது. அகல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம். துள்ளாமல் படிந்து போகும். ஃபிரேமில் சேறு ஒட்டவும் இடம் மிஞ்சுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப்லெஸ்ஸில் (உள்ளே டியூப் இல்லாத டயரில்) 70 கிலோ எடைக்காரர் முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துத் தொடங்கலாம். ரிம் கல்லில் ‘டங்’கென்று இடித்தால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ரேஸுக்கு முந்தைய வாரம் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.