கான்கிரீட் ஓரத்தளத்தை வடிவமைக்கும் முறை

நெடுஞ்சாலையின் ஷோல்டர், அதாவது ஓரத்தளம், எப்போதாவது ஒதுங்கி நிற்கும் வண்டியைத் தாங்கினால் போதும் என்று எண்ணிக் கணக்கைத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. அதன் பெரிய வேலை, பக்கத்துத் தடத்தின் விளிம்பைத் தாங்குவது. தடத்தின் கான்கிரீட் பலகத்தின் நடுவில் சக்கரம் நிற்கும்போது எழும் தகைவைவிட, அதாவது சுமையால் உள்ளே எழும் அழுத்தத்தைவிட, விளிம்பில் எழுவது மிக அதிகம். ஓரத்தளத்தைத் தடத்தோடு பிணைத்தால் அதில் ஒரு பங்கு இப்பக்கம் இறங்கிவிடும். அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோவின் 1993ஆம் ஆண்டு வழிகாட்டி, டவல் கம்பியுள்ள (அடுத்தடுத்த பலகங்களுக்கிடையே சுமையைக் கடத்தும் கம்பி) பலகத்தை ஒட்டித் தார் ஓரத்தளம் இருந்தால் சுமை கடத்தல் கெழுவை 3.2 என்றும், பிணைத்த கான்கிரீட் ஓரத்தளம் இருந்தால் 2.5 முதல் 3.1 வரை என்றும் கொள்கிறது. கெழு குறைவு என்றால் சுமை நன்றாகக் கடத்தப்படுகிறது என்று பொருள்; அதனால் தடத்துக்குத் தேவையான தடிமனும் குறையும்.

ஆகவே ஓரத்தளத்தைத் தடத்தோடு பிடித்து வைக்கும் பிணைப்புக் கம்பியை முதலில் கணக்கிடுங்கள். 3 மீட்டர் அகலமும் 200 மி.மீ. தடிமனும் கொண்ட ஓரத்தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 4.8 கிலோ நியூட்டன். அடித்தளத்தோடு உராய்வுக் கெழு 1.5 என்றால் சாலை நீளத்தில் மீட்டருக்கு 21.6 கிலோ நியூட்டன் இழுவிசை வரும். எஃகின் அனுமதித் தகைவை 200 மெகா பாஸ்கலாகக் கொண்டால் 108 சதுர மி.மீ. எஃகு தேவை. 12 மி.மீ. முறுக்குக் கம்பி ஒன்றின் பரப்பு 113 சதுர மி.மீ. என்பதால் 1 மீட்டர் இடைவெளியே கணக்குக்குப் போதும். ஆனாலும் இணைப்பு இறுக்கமாக இருக்க 750 மி.மீ. வைப்பதையே நான் விரும்புவேன். சாலைக்குக் குறுக்கே பலகங்களைப் பிரிக்கும் குறுக்கு இணைப்பின் டவல் கம்பிகளோடு இவை முட்டாதபடி விலக்கி வையுங்கள்.

தடிமனுக்கு இரண்டு சுமைகளைச் சோதிக்க வேண்டும்: தடத்திலிருந்து விலகி வரும் லாரிகள் உள்விளிம்பிலும், நிறுத்தப்படும் லாரிகள் தாங்கலற்ற வெளிவிளிம்பிலும் தரும் சுமை. 150 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். பழுதுபார்ப்பின்போது போக்குவரத்தை இதன் மேல் திருப்பிவிடும் வாய்ப்பிருந்தால் தடத்தின் தடிமனையே கொடுங்கள்.

ஓரத்தளத்தின் குறுக்கு இணைப்புகள் தடத்தின் இணைப்புகளுக்கு நேராகவே அமைய வேண்டும். தடத்தில் 4.5 மீட்டருக்கு ஒன்றும் இங்கே 6 மீட்டருக்கு ஒன்றுமாக அறுத்தால், பிணைப்புக் கம்பி வழியாகத் தடத்தின் அசைவு இழுத்து, வெட்டில்லாத இடத்தில் விரிசல் ஓடும்.

கடைசியாக நீர். தடத்துக்கடியில் உள்ள வடிகால் அடித்தளத்தை ஓரத்தளத்தின் வெளிவிளிம்பையும் தாண்டி நீட்டுங்கள். மெல்லிய ஓரத்தளத்துக்கடியில் களிமண்ணை நிரப்பினால் அது தொட்டிச்சுவராகி, தடத்தின் அடியில் நீரைத் தேக்கும். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் நுண்மண் இணைப்பு வழியே பீச்சியடிக்கப்பட்டு விளிம்பின் அடி வெறுமையாகிவிடும்.