வெயிலில் போட ஜாக்கெட் வாங்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்றம் தொடங்கி 20 நிமிடம்கூட ஆகியிருக்காது. நடைக்குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஓரமாக நின்று ஜாக்கெட்டைக் கழற்றப் பார்ப்பார். கை வெளியே வராது. உள்பக்கம் முழுக்க நனைந்து முழங்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் கைப்பகுதி உள்வெளியாகத் திரும்பி, தோல் உரிவதுபோல் உரிந்து வரும். அன்று மழை ஒரு துளிகூடப் பெய்திருக்காது. அத்தனையும் வியர்வை. அதற்குப் பிறகு அந்த ஜாக்கெட் நாள் முழுக்க இடுப்பில் கட்டிய சுமையாகத் தொங்கும். இன்று பழகிய நடையர்களாக இருப்பவர்களில் பலரும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஓரமாக நின்று கழற்றியவர்கள்தான். புதியவர்களும் அதே பணத்தைக் கொடுத்து அதே பாடத்தைப் படிப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே பஞ்சு வைத்தது வெயிலுக்கு ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுவோம். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

வெயிலுக்கு வாட்டர்ப்ரூஃப் வாங்குவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இதுதான். "வெளியில் நடக்கும்போது போட ஒரு நல்ல ஜாக்கெட் வேண்டும்" என்று கேட்டால் மூன்றடுக்கு வாட்டர்ப்ரூஃப் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். வரிசையிலேயே விலை கூடியது அதுவாக இருக்கும். லேபிளில் "நீர் புகாது, காற்றோட்டமானது" என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். வாங்குபவர் ஏமாறுவது காற்றோட்டம் என்ற அந்தச் சொல்லில்தான். இந்த வகைத் துணிகள் பெரும்பாலானவற்றில் காற்று ஓடுவதே இல்லை. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியை மட்டும் மெல்ல மெல்ல வெளியே விடும். நீராவி வெளியேறுவதைத்தான் காற்றோட்டம் என்று எழுதிவிடுகிறார்கள்.

நீராவி தானாக நகராது. உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் சவ்வைத் தாண்டும். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வியர்த்த தோலை ஒட்டியிருக்கும் 35 டிகிரி செல்சியஸ் ஈரக்காற்றின் ஆவியழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 10 டிகிரி குளிரும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அங்கே வெறும் 0.6. வித்தியாசம் 5. அதே ஜாக்கெட்டை 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் போட்டால் வெளியே 3.4 இருக்கும், வித்தியாசம் 2.2 ஆகிவிடும். ஆவியை வெளியே தள்ளும் விசை பாதிக்கும் கீழே போய்விட்டது. வியர்வையோ குளிரில் வருவதைவிட மிக அதிகம். குளிர்நாட்டு மலையில் அருமையாக உழைத்த அதே ஜாக்கெட் வெக்கையில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான். தையலிலோ தரத்திலோ குறை இருக்க வேண்டியதில்லை.

லேபிளில் இருக்கும் 10,000, 20,000 என்ற பெரிய எண்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி போகும் என்பது அதன் பொருள். 10,000 கிராம் என்றால் மணிக்கு சுமார் 417 கிராம். வெயிலில் ஏற்றம் ஏறும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். அந்த 417 கிராமும் ஆய்வகத்தில் கிடைத்த கணக்கு. பரவலாகப் பயன்படும் ஜப்பானிய முறை ஒன்றில் துணியின் ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் பொட்டாசியம் அசிடேட் கரைசலும் இருக்கும். ஈரத்தை வலிந்து உறிஞ்சும் உப்பு அது. புழுக்கமான மதியத்தில் ஜாக்கெட்டுக்கு வெளியே அப்படி உறிஞ்சி இழுக்க எதுவும் கிடையாது. அளக்கும் முறை மாறினால் அதே துணியின் எண்ணும் மாறும். எனவே இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ரெட் (RET) என்று ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். ஆவி வெளியேறத் துணி எவ்வளவு தடையாக இருக்கிறது என்று காட்டும் எண் அது, குறையக் குறைய நல்லது. 6-க்குக் கீழ் இருந்தால் மிக நன்று. 20-ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும் வேலைக்கு ஆகாது.

இது கசகசப்போடு முடிகிற விஷயம் அல்ல. வியர்வை உடலைக் குளிரவைப்பது ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். ஆவி வெளியேற வழியில்லாமல் துணியின் உள்பக்கத்திலேயே திரும்பத் தண்ணீரானால், போக வேண்டிய அந்த வெப்பம் ஜாக்கெட்டுக்குள்ளேயே தங்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வரிசையாக வரும். புதியவர்கள் அதைப் "பழக்கமில்லாத களைப்பு" என்று நினைத்துக்கொண்டு ஜிப்பைக்கூடத் திறக்காமல் நடப்பார்கள். அப்படி ஒருவரைப் பார்த்தால் முதலில் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.

"அக்குளில் ஜிப் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். திறந்து வைத்தால் கொஞ்சம் உதவும். ஆனால் கை கீழே தொங்கும்போது அந்தத் திறப்பு பாதி மூடிக்கொள்ளும். முதுகைப் பை முழுதாக அடைத்திருப்பதால் அந்தப் பக்கம் எந்தச் சவ்வாலும் பயனில்லை.

"மழை வந்தால்?" என்பது அடுத்த கேள்வி. வெதுவெதுப்பான மழையில் ஒரு மணி நேரம் நடந்தால் வாட்டர்ப்ரூஃபுக்குள்ளும் நனையத்தான் போகிறோம், வியர்வையால். சீக்கிரம் காயும் மெல்லிய துணியோடு நனைந்துவிட்டு, மழை நின்றதும் நடந்தே உலர்த்திக்கொள்வது மேல். நேரம் அதிகம் என்றால் குடையோ, தலைவழியாக மாட்டும், அடியில் காற்றுப் போகும் போஞ்சோ என்ற மழைப்போர்வையோ போதும். மரங்களைத் தாண்டிய உயரத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும் இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே நனைந்த உடம்பு வெகு சீக்கிரம் விறைத்துவிடும். அப்படிப்பட்ட பாதைக்கு ஒரு வாட்டர்ப்ரூஃப் கட்டாயம் வேண்டும், ஆனால் பைக்குள். நடக்கும்போது மேலே போட வேண்டியது வேறு ஜாக்கெட்.

அந்த வேறு ஜாக்கெட் எது? சவ்வோ, காற்றை அடைக்கும் பூச்சோ இல்லாத, மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டரில் நெய்த விண்ட் ஜாக்கெட். எடை 80 முதல் 150 கிராம் இருந்தால் போதும். சில நிறுவனங்கள் காற்று ஊடுருவலை சிஎஃப்எம் (CFM) என்ற அளவில் தருகின்றன. ஒரு சதுர அடித் துணி வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்பது அது. 5-க்குக் கீழ் இருந்தால் வெயிலுக்கு அடைத்தது போலத்தான். வெக்கையில் உழைக்க 30 முதல் 60 வரை உள்ளதைத் தேடுங்கள்.

எண் எதுவும் தரவில்லை என்றால் வாயே போதும். துணியை ஒற்றை மடிப்பாக உதட்டோடு அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் புறங்கையை ஒரு விரல் தள்ளிப் பிடியுங்கள். சூடான காற்று கையில் பட்டால் எடுத்துப் பார்க்கலாம். கன்னம் உப்புகிறதே தவிர கையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் திரும்ப ஹேங்கரிலேயே மாட்டிவிடுங்கள். முதுகு, தோள், கை என்று மூன்று இடத்திலும் ஊதிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே ஜாக்கெட்டில் இரண்டு வகைத் துணி இருப்பது சாதாரணம். துணியில் தண்ணீர் உருண்டோடுவதைக் காட்டி யாராவது விளக்கினால் அது வேறு விஷயம். மேலே தெளித்த ரசாயனப் பூச்சால் வருவது அது, காற்று போகுமா என்பதற்கு அது பதிலாகாது.

எடை குறைவு என்றால் காற்றோட்டம் என்று நினைப்பது

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் நூல் மெல்லியது. 7 டெனியர் நூலில் நெய்த, கையில் எடுத்தால் பூப்போல இருக்கும் துணியை உருளைகளுக்கு நடுவே சூடாக அழுத்தித் தட்டையாக்கியிருந்தால் நூலிடைகள் அடைந்துபோயிருக்கும். உள்ளே வைக்கும் இறகு வெளியே வராமலிருக்க இப்படிச் செய்வார்கள். அதே துணியில் தைத்த விண்ட் ஜாக்கெட் 60 கிராம் எடையில் பிளாஸ்டிக் பைபோல வியர்க்கவைக்கும். 20 டெனியரில் நெகிழ்வாக நெய்தது 40 கிராம் கூடினாலும் உடம்புக்கு இதம். முள்ளில் உரசினாலும் சட்டென்று கிழியாது.

உள்ளே மெஷ் (வலைத்துணி) லைனிங்

தோலில் ஒட்டாது என்பார்கள். அது குடிக்கும் வியர்வை சீக்கிரம் காயாது. வேண்டாம்.

நின்றபடி போட்டுப் பார்த்து அளவு முடிவு செய்வது

கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்றால் எல்லா ஜாக்கெட்டும் அழகாகத்தான் இருக்கும். உடம்போடு ஒட்டினால் உள்ளே காற்று சுழல இடமில்லை. நடக்கும்போது துணி உள்ளும் வெளியும் அசைந்து துருத்திபோல் காற்றைத் தள்ள வேண்டும். மார்புச் சுற்றளவைவிட ஜாக்கெட் 8 முதல் 12 செ.மீ. கூடுதலாக இருந்தால் அது நடக்கும்.

ஆண்களுக்கான சின்ன அளவை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. தோளில் துணி மிஞ்சும், இடுப்பில் பிடிக்கும். பிடித்த இடத்திலிருந்து விளிம்பு மேலே சுருண்டு ஏறி, பையின் இடுப்புப் பட்டைக்கு மேல் மடிப்பாகத் தங்கிவிடும். பெண்களுக்கென்று தைத்ததிலும் சிக்கல் உண்டு. வடிவம் தெரிய வேண்டும் என்று இடையைக் குறுக்கி வெட்டியிருந்தால் அதே மடிப்பு வரும்.

சோதிக்க வேண்டிய முறை இது. வழக்கமாகப் போடும் ஸ்போர்ட்ஸ் பிராவும் டி-ஷர்ட்டும் உள்ளே இருக்கட்டும். 5 கிலோ எடையோடு பையை மாட்டி, பட்டைகளை இறுக்குங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டைக்கு அடியிலிருந்து விளிம்பு வெளியே வந்தால் அக்குளில் தனித்துண்டு வைத்துத் தைக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தோள் தையல் பைப் பட்டைக்கு நேர் கீழே வருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வந்தால் மூன்றாவது மணி நேரத்தில் அந்த இடம் சிவந்துவிடும். கழுத்திலிருந்து கையோடு சாய்வாகப் போகும் ராக்லான் தையலில் இந்தத் தொல்லை இல்லை. பாக்கெட்டுகள் இடுப்புப் பட்டைக்கு மேலே திறக்க வேண்டும். ஜிப் மேலும் கீழும் இரண்டு பக்கமும் திறப்பதாக இருந்தால், இடுப்பில் இறுக்காமல் கீழிருந்து காற்று விடலாம். முதுகில் திறப்பு வைத்துத் தைத்த ஜாக்கெட்டுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள், பை மாட்டியதும் அது மூடிவிடும்.

கொண்டை போடுபவரானால் கொண்டையோடு ஹூடை மாட்டிப் பாருங்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஹூடும் கூடத் திரும்ப வேண்டும். கண்ணை மறைத்தால் இறங்கும் பாதையில் கால் வைக்கும் இடம் தெரியாது.

யுபிஎஃப் எண்ணை அப்படியே நம்புவது

யுபிஎஃப் (UPF) என்பது துணியின் வெயில் காப்பைச் சொல்லும் எண். யுபிஎஃப் 50 என்றால் புற ஊதாக் கதிரில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டுமே தோலுக்கு வரும். பொதுவாக அது புதிய, உலர்ந்த, இழுக்காத துணிக்குக் கொடுத்த எண். தோளில் இறுகி இழுபடும் துணியில் நூலிடை விரியும், அந்த இடத்தில் காப்பு குறையும். நனைந்தால் பல துணிகளில் இன்னும் குறையும். பாலியஸ்டர் தன்னியல்பாகவே புற ஊதாவை நன்றாக உறிஞ்சும், வெறும் நைலான் அந்த அளவுக்கு இல்லை. அதனால் மெல்லிய நைலானில் யுபிஎஃப் எண் இல்லையென்றால் வெயில் காப்புக்கு அதை எண்ணாதீர்கள். வலைத்துணி அக்குளில் இருக்கலாம். தோளின் மேல் இருந்தால் அந்த வடிவத்திலேயே தோல் கருகும்.

நிறம்

வெளிர் நிறம். நனைந்தால் உள்ளே தெரிகிறதா என்று ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்துவிடுங்கள்.

துவைக்கும்போது மென்மையூட்டி ஊற்றுவது

வாசனைக்காக ஊற்றும் அந்தத் திரவம் நூலின் மேல் மெழுகுப் படலமாகப் படிந்து வியர்வை பரவுவதைக் கெடுக்கும். சன்ஸ்க்ரீன் எண்ணெயும் அப்படித்தான். கழுத்துப்பட்டையிலும் மணிக்கட்டிலும்தான் அது சேரும். இப்போது வரும் ஃப்ளோரின் இல்லாத நீர்விலக்கிப் பூச்சுகள் எண்ணெய்க்குச் சீக்கிரம் தோற்பதால் முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. திரவ சோப்பு கொஞ்சம், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீர், இரண்டு முறை அலசல். லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் உலர்த்தும் இயந்திரத்தில் 20 நிமிடம் சுற்றவிட்டால் பூச்சு திரும்ப எழும்பி, தண்ணீர் மறுபடி உருண்டோடும்.

வீட்டுக்கு வந்ததும் டேக்கை வெட்டுவது

வெட்டாமல், பையோடு, மாடிப்படியில் 10 நிமிடம் நிற்காமல் ஏறி இறங்குங்கள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி கைப்பகுதியின் உள்பக்கத்தைப் புறங்கையால் தொடுங்கள். லேசான ஈரம் பரவாயில்லை, இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். துளித்துளியாகத் தண்ணீர் நின்றால் ஜாக்கெட்டை நன்றாக உலரவிட்டு, பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.